உயில் கூறும் குடும்ப வரலாறு

கொல்லிமலையைப் பற்றி நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். வல்வில் ஓரி அம்மலைக்குத் தலைவனாக விளங்கினான். பாணர்க்கும் கூத்தர்க்கும் வரையாது வழங்கினான். மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று, மலையைச் சேர மன்னனுக்குக் கொடுத்தான். இச்செய்திகளைச் சங்கப் பாடல்கள் நமக்கு அறிவிக்கின்றன. அம்மலை பண்டைக் காலத்தில் எந்தத் தலைவன் கையிலிருந்து எந்த மன்னன் கைக்கு மாறியது என்பதை இன்றும் நாம் சொல்ல முடிகிறது. ஆனால், அதே மலைச்சரிவில் இருந்த ஒரு தினைப்புனம் தந்தை கையிலிருந்து மகன் கைக்கு எவ்வாறு வந்தது? அத்தந்தையின் பெயர் யாது? அவனுக்கு மகள் இருந்தாளா? இருந்தால், அவளுக்குக் கிடைத்தது என்ன? இவ்வினாக்களுக்குப் பாடலில் விடை இல்லை.

மன்னர் வரலாறு பாட்டிலும் கல்லிலும் செப்பேட்டிலும் நிற்கிறது. உழவர் குடும்பத்தின் வரலாறு எதில் நிற்கிறது? இதனை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

எழுத்தறியாத குடும்பமும் ஏதேனும் ஒரு நாள் எழுத்துக்குள் புகுந்தே தீரும். பெரும்பாலும் அது குடும்பத் தலைவர் மறைந்தபின் வரும் நாளாகும். 'யாருக்கு எது?' என்ற கேள்வி எழுந்தவுடன் சாட்சிகள் வருகிறார்கள், எல்லைகள் அளக்கப்படுகின்றன, பெயர்கள் எழுதப்படுகின்றன. உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்பன எல்லாம் இக்கேள்வியிலிருந்து பிறந்தவையே. சொத்தைப் பிரிப்பதற்காக எழுதப்பட்ட இவை, எழுதியவர் எண்ணாத வகையில் குடும்ப வரலாறாகவும் அமைந்துவிடுகின்றன.

இவற்றைக் கொண்டு ஒரு குடும்பத்தைத் தேடும் முறையை, ஆவணங்கள் நிறைந்த ஓர் இடத்தில் முதலில் கற்றுக்கொள்வோம். அதன் பின்னர், ஆவணங்கள் அரிதாக உள்ள நம் கொல்லிமலைக்கு வருவோம். ஆதலால், சிறிது நேரம் அமெரிக்க நாட்டுக்கு என்னுடன் வருமாறு உங்களை அழைக்கிறேன்.

ஓர் எல்லைப்புறக் குடும்பம்

அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்கள் முதலில் கிழக்குக் கடற்கரையில் தங்கினர். தலைமுறை ஒன்று கழிந்ததும் இளையவர் சிலர் புதிய நிலம் தேடி மேற்கே நகர்ந்தனர். அடுத்த தலைமுறையினர் இன்னும் மேற்கே சென்றனர். காடும் குடியேற்றமும் சந்தித்த இடத்தையே அந்நாட்டார் எல்லைப்புறம் என்றனர். அந்நிலம் வெறும் நிலம் அன்று. அங்கே அமெரிக்கப் பழங்குடியினர் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

அவ்வாறு நகர்ந்துகொண்டே இருந்த குடும்பங்களுள் ஒன்று, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் குடும்பம். 1859ஆம் ஆண்டில் லிங்கன் தம் வாழ்க்கையைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று எழுதினார். தம் பாட்டனார் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்கு வந்தவர் என்பதும், அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. நியூ இங்கிலாந்துப் பகுதியிலும் லிங்கன் என்ற பெயருடைய குடும்பம் ஒன்று இருந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று தேடியவர்க்கு, இரு குடும்பங்களிலும் ஒரே வகையான பெயர்கள் வருகின்றன என்பதற்குமேல் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்று அவர் எழுதினார். ஒரு நாட்டின் தலைமைப் பதவிக்கு வர இருந்தவருக்கே தம் கொள்ளுப்பாட்டனார்க்கு முற்பட்டவர் யார் என்று தெளிவாகத் தெரியவில்லை!

அவருக்குத் தெரியாததைப் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். லீ, ஹட்சின்சன் என்னும் இருவர் லிங்கனின் முன்னோர் பற்றிய பெருநூல் ஒன்றை 1909இல் வெளியிட்டனர். வழி காட்டியவை உயில்களும் நிலப் பத்திரங்களுமே. மார்டிகாய் லிங்கன் என்பவர் 1736இல் பென்சில்வேனியாவில் இறந்தார். தமக்கு நியூ ஜெர்சியில் இருந்த நிலத்தைத் தம் மகன் ஜானுக்கு உயிலில் எழுதி வைத்தார். ஜான் 1748இல் அந்நிலத்தை விற்றபோது, தந்தையின் உயிலால் தமக்கு வந்த நிலம் அது என்று விற்பனைப் பத்திரத்தில் குறித்தார். இந்த ஒரு குறிப்பு இரண்டு தலைமுறைகளை இணைக்கும் கொக்கியாக அமைந்தது. ஜான் 1768இல் வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய மகன் ஆபிரகாம் கென்டக்கிக்குச் சென்றார். அவரே குடியரசுத் தலைவரின் பாட்டனார். இவ்வாறு பின்னோக்கிச் சென்றதில், 1637இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் வந்து சேர்ந்த சாமுவேல் லிங்கன் வரையில் கொடிவழி தெளிவாயிற்று. லிங்கன் ஐயுற்ற உறவு உண்மையாகவே இருந்தது.

இனி, அப்பாட்டனார் ஆபிரகாமின் கதையைக் கேளுங்கள். 1786இல் கென்டக்கியில் தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் பழங்குடியினர் தாக்குதலில் உயிரிழந்தார். உயில் எழுதி வைக்கவில்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதியாக இருந்தது. உயில் இன்றி ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்பது அங்கே பழைய சட்டம். அச்சட்டத்தை மாற்றி வர்ஜீனியா சட்டமன்றம் 1785இலேயே புதிய சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1787ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். இடையில் நிகழ்ந்த இறப்பு ஆதலால், நிலம் மூத்தவர் மார்டிகாய்க்குச் சென்றது. கடைசி மகனாகிய தாமஸுக்கு அப்போது வயது எட்டு. அவர் கல்வியின்றிக் கூலி வேலை செய்து வளர்ந்தார். பின்னர்த் தாமே நிலம் வாங்கியபோதும், உரிமைப் பத்திரங்களில் தகராறு மேல் தகராறாக வந்தது. 1816இல் அவர் கென்டக்கியை விட்டு இந்தியானாவுக்குச் சென்றார். அதற்கு அடிமை முறை ஒரு காரணம் எனினும், நில உரிமைச் சிக்கலே பெருங்காரணம் என்று அவர் மகன் பிற்காலத்தில் எழுதினார். அந்த மகனே குடியரசுத் தலைவரான லிங்கன்.

ஓர் உயில் எழுதப்படாமையும் ஒரு சட்டம் சில மாதம் பிந்தியமையும் ஒரு சிறுவனின் வாழ்க்கைப் போக்கை மாற்றின. வாரிசுரிமை ஆவணம் உறவை மட்டும் அறிவிப்பதன்று. ஒரே வீட்டில் பிறந்தவருள் ஒருவர் செல்வராகவும் மற்றொருவர் ஏழையாகவும் ஆனதன் காரணத்தையும் அதில் காணலாம்.

ஆவணத்தைப் படிக்கும் முறை

அமெரிக்க மாவட்ட நீதிமன்றங்களில் உயில்களைப் படியெடுத்துப் பதியும் பேரேடுகள் உண்டு. அவற்றை ஆராய்பவர் சில நெறிகளைக் கையாள்கின்றனர். அவை நமக்கும் பயன்படும்.

முதலாவது, பெயர்களின் வரிசையை நோக்க வேண்டும். மக்களின் பெயரைப் பிறந்த முறைப்படி எழுதுவது பெருவழக்கு. எனினும் ஆண்மக்களை முதலிலும் பெண்மக்களைப் பின்னரும் எழுதிய உயில்களும் உண்டு. இரண்டாவது, மகளின் பெயருக்குமுன் அல்லது பின் வரும் கணவன் பெயரை நோக்க வேண்டும். மணமானபின் பெண்ணின் குடும்பப்பெயர் மாறிவிடும் நாட்டில், தந்தையின் உயிலே அவள் இன்னார் மகள் என்பதற்குச் சான்றாகும். மூன்றாவது, சாட்சிகளை நோக்க வேண்டும். அவர்கள் அண்டை வீட்டினராகவோ மனைவியின் உடன்பிறந்தாராகவோ இருத்தல் கூடும். நான்காவது, பெயர் விடுபட்டவரைத் தேட வேண்டும். ஒரு மகன் பெயர் இல்லையானால் அவன் இறந்துவிட்டான் என்று உடனே முடிவு செய்தல் தவறு. முன்னரே பங்கு பெற்றுப் பிரிந்து போயிருக்கலாம்.

ஐந்தாவது, இறந்தவர் வீட்டுப் பொருள்களின் பட்டியலைப் படிக்க வேண்டும். பாட்டனார் ஆபிரகாம் விட்டுச் சென்ற பொருள்களுக்கு அத்தகைய பட்டியல் உண்டு. குதிரை, மாடு, கன்று, களைக்கொட்டு, துப்பாக்கி, படுக்கை, உண்கலம் என அதில் வரும் ஒவ்வொன்றும் எல்லைப்புற வாழ்க்கையை நம் கண்முன் நிறுத்துகிறது.

அப்பட்டியல்களில் நெஞ்சை வருத்தும் செய்தியும் உண்டு. செல்வர் வீட்டுப் பட்டியல்களில் குதிரைக்கும் மாட்டுக்கும் அடுத்த வரியிலேயே அடிமைகளாக வைக்கப்பட்ட மக்களின் பெயரும் விலையும் எழுதப்பட்டிருக்கும். தந்தை பெயரும் குடும்பப் பெயரும் இல்லாது வெறும் பெயர் மட்டும் இருக்கும். இன்று அம்மக்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடும்போது, தம்மை உடைமையாக்கியவர் எழுதிய உயில்களையே புரட்ட வேண்டியிருக்கிறது. இதிலிருந்து ஓர் உண்மையை அறிகிறோம்: உரிமை உடையவர் உரிமையாளராகவே ஆவணத்தில் நிற்கிறார், உரிமை இல்லாதவர் பொருளாக நிற்கிறார், அல்லது நில்லாமலே போகிறார்.

தமிழகத்துச் சான்றுகள் இரண்டு

நம் நாட்டிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு ஒன்று, கோயிற் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைத் தருகிறது. அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தவர் என்பனவும் அதில் உள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்காக விதிக்கப்பட்டது. அப்பங்கு உடையவர் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ, தகுதி உடைய நெருங்கிய உறவினர் அதனைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும் என்பதும் விதி. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இத்தனை பெண்களின் பெயர் நமக்கு எவ்வாறு கிடைத்தது? அவர்கள் பெயரால் ஒரு பங்கு இருந்தது. பங்கு இருந்ததனால் பெயரும் நிலைத்தது.

மற்றொன்று, பச்சையப்ப முதலியாரின் உயில். வணிகத்தால் பெரும்பொருள் ஈட்டிய அவர் 1794இல் இறக்குமுன் அதனை எழுதினார். அறச்செயல்களுக்கென அவர் ஒதுக்கிய பணம் பல ஆண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்ட பின்னரே, 1842இல் அவர் பெயரால் சென்னையில் பள்ளி தோன்றிற்று. உயில் இல்லையேல் அப்பள்ளியும் இல்லை. பின் வந்த கல்லூரியும் இல்லை.

ஆனால் பச்சையப்பர் நகரத்துச் செல்வர். எழுத்தர், வழக்கறிஞர், நீதிமன்றம் ஆகிய எல்லாம் அவருக்கு அருகில் இருந்தன. இவை ஒன்றும் இல்லாத மலைக்குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவது எங்ஙனம்?

மலை ஏறிய மூவர்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பல நாடுகளைக் காணலாம். அங்கு வாழும் மக்களுள் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே இங்குப் பொருள். இவர்கள் பேசும் மொழி தமிழ். பட்டியல் பழங்குடியினருள் இவர்கள் அடங்குவர்.

இவர்களும் ஒரு வகையில் எல்லைப்புறக் குடும்பத்தார்தாம். சமவெளியிலிருந்து மலைக்கு வந்தவர் என்பது அவர்களுடைய மரபுரை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டனர். அவர்கள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்னும் மூன்று மலைகளில் ஒவ்வொருவராகத் தங்கினர். மூவர் வழியினரே இன்றைய மூவகை மலையாளிகள் என்று அம்மரபுரை கூறும். எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி வெளியிட்ட பெருந்தொகுப்பில் இக்கதை இடம்பெற்றுள்ளது. அத்தொகுப்பு வெளிவந்ததும் அதே 1909ஆம் ஆண்டில்தான். ஒரே ஆண்டில், ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் இடப்பெயர்ச்சி பத்திரங்களைக் கொண்டு மெய்ப்பிக்கப்பட்டது; நம் மலைக்குடும்பங்களின் இடப்பெயர்ச்சி கதையாக ஏட்டில் ஏறியது.

அக்கதையை வெறுங்கதை என்று தள்ளிவிடுதல் நன்றன்று. உற்று நோக்கினால், அது சொல் வடிவில் அமைந்த பாகப்பிரிவினைப் பத்திரமாகவே தோன்றுகிறது. உடன்பிறந்தார் மூவர், பிரிக்கத்தக்க மலை மூன்று, ஆளுக்கு ஒரு மலை. அம்மூவரின் பெயர் யாது? பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்பன. இவை பிறந்த முறையைக் குறிப்பனவே அன்றி இயற்பெயர் ஆகா. மூன்று மலை மக்களும் தமக்குள் உறவினர் என்பதையும், யார் மூத்த கிளை, யார் இளைய கிளை என்பதையும் நினைவில் வைக்க இக்கதை உதவியிருக்கிறது. மலைக்கு வந்தபின் அவர்கள் வேறு குலத்துப் பெண்களை மணந்தனர் என்றும் கதை தொடர்கிறது. மனைவியரின் குலம் சொல்லப்படுகிறது, பெயர் சொல்லப்படவில்லை. இதனை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மலையில் உயில் எழுதும் வழக்கம் பழமையானதன்று. நிலம் ஆண்மக்கள் வழியே இறங்கும். தந்தைக்குப்பின் உடன்பிறந்தார் ஊர்ப் பெரியவர் முன்னிலையில் வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வர். பாறை, ஓடை, பலாமரம் ஆகியவை எல்லைக் குறிகள். சாட்சியம் ஊரின் நினைவிலேயே இருக்கும். இம்முறையில் செலவில்லை, வழக்கில்லை. ஆனால் நினைவுடையவர் மறைந்தபின், எழுத்தோடு வரும் ஒருவனை எதிர்த்து நிற்க அதற்கு வலிமை போதாது. கென்டக்கியில் தாமஸ் லிங்கன் பட்ட துன்பமே இங்கும் பலருக்கு நேரக்கூடும்.

நில எண்ணில் ஒரு கொடிவழி

எழுத்து எப்போது வந்தது? 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பகுதியும் பாரமகாலும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் அங்கே நிலவரித் திட்டத்தை வகுத்தனர். பயிரிடுபவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை அம்முயற்சியில் உருவாயிற்று. இம்முறைக்கு, வரி செலுத்தும் உழவர் ஒவ்வொருவர் பெயரும் வேண்டும். ஆகவே, அரசர் பெயரையும் பாளையக்காரர் பெயரையும் தாங்கிய ஏடுகளில் உழவர் பெயரும் ஏறத் தொடங்கிற்று. வரிக்காக எழுதப்பட்ட ஏடு வரலாற்றுக்கும் உதவுகிறது.

நிலவரித் திட்டப் பதிவேடு, 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல், பட்டா ஆகியவற்றை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவற்றில் ஒரு சிறு நுட்பத்தை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு நிலத்தின் புல எண் 112 என்று வைத்துக்கொள்வோம். உடையவர் இறந்தபின் மக்கள் இருவர் அதனைப் பிரித்துக்கொண்டால், அது 112/1, 112/2 என்று உட்பிரிவு ஆகும். இரண்டாமவரின் மக்கள் தம் பங்கைப் பிரித்தால் 112/2அ, 112/2ஆ என்பது போல எழுதுவர். அவர்தம் மக்களும் பிரித்தால் 112/2அ1, 112/2அ2 என்று நீளும். எண்ணை வலப்புறமிருந்து இடப்புறமாகப் படித்துப் பாருங்கள்: பேரனிலிருந்து மகனுக்கும், மகனிலிருந்து பாட்டனுக்கும் செல்லும் கொடிவழி அதில் அமைந்திருக்கும். உட்பிரிவு விற்பனையாலும் நிகழும் ஆதலால், பெயரையும் பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

பெயரிலும் ஒரு கவனம் தேவை. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலால் அவன் பெயரன் ஆனான். அதுவே பேரன் என்று மருவிற்று. ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வருவதால், பாட்டனுக்கு உரிய ஆவணத்தைப் பேரனுக்கு உரியதாகக் கொள்ளும் பிழை எளிதில் நேரும். தந்தை பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் அப்பிழை நேராது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலப் பத்திரங்கள் முதற் புத்தகத்திலும் உயில்கள் மூன்றாம் புத்தகத்திலும் பதியப்படுகின்றன. உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை; பொதுவான சட்ட விதி, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும் என்பது. ஆகவே, பதிவேட்டில் உயில் இல்லாததால் உயிலே எழுதப்படவில்லை என்று கருதுதல் கூடாது. வீட்டுப் பெட்டியின் அடியிலும் அது இருக்கலாம்.

பெயர் இல்லாதவர் யார்?

இவ்வாறு புல எண்ணையும் பட்டாவையும் கொண்டு ஒரு மலைக்குடும்பத்தின் கொடிவழியை நாம் வரைந்துவிட்டதாகக் கொள்வோம். தந்தை, மகன், பேரன் எனக் கிளைகள் தழைத்திருக்கும். படத்தைச் சற்று உற்று நோக்குங்கள். அதில் பெண் ஒருத்தியேனும் இருக்கிறாளா? பாட்டியும் தாயும் அத்தையும் இல்லாத குடும்பம் உலகில் உண்டா? அவர்கள் இல்லாமற் போகவில்லை. நிலத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லாமற் போயிற்று. பங்கில்லாமையால் ஏட்டில் பெயரும் இல்லை. தஞ்சைக் கல்வெட்டு 400 பெண்களைப் பெயர் சொல்லிக் காட்டியதையும், மூவர் கதை மனைவியர் பெயரை மறந்ததையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இது பழங்காலச் செய்தி மட்டும் அன்று. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் சொத்தில் பங்கு தந்தது. தமிழ்நாடு 1989இல் செய்த திருத்தமும், நாடு முழுவதற்குமாக 2005இல் வந்த திருத்தமும் அவ்வுரிமையை வலுப்படுத்தின. ஆனால் அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பட்டியல் பழங்குடியினர்க்கு அது பொருந்தாது என்கிறது. பழங்குடியினரின் வழக்காறுகளைக் காப்பது அவ்விலக்கின் நோக்கம். எனினும், அடிவாரத்தில் பிறந்த மகளுக்குக் கிடைக்கும் பங்கு, 70 வளைவுகளுக்கு மேலே பிறந்த மகளுக்கு ஐயத்துக்கு உரியதாயிற்று. பழங்குடிப் பெண்களை இவ்வாறு விலக்கி வைப்பதை மறு ஆய்வு செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2022இல் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

புதிய ஆவணம் ஒன்றும் பிறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி வழங்கப்படும் நில உரிமை, வாரிசுகளுக்கு இறங்கும், விற்க இயலாது. மணமானவராயின் அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. நூறு ஆண்டு கழித்து ஒரு மாணவர் அவ்வுரிமை ஆவணத்தை எடுத்துப் பார்த்தால், கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. முதல் ஏட்டிலேயே அது இருக்கும்.

நிலம் ஆண்வழி இறங்கிய மலையில், பெண்கள் கையில் இருந்த உடைமை ஒன்றும் உண்டு. அது விதை. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகிய தானியங்கள் கொல்லிமலையின் பழைய செல்வம். சாமையிலேயே வெள்ளைப்பெருஞ்சாமை, திரிகுலசாமை, கட்டவெட்டிச்சாமை என வகைகள் உண்டு. மரவள்ளி பரவியபின் இத்தானியங்களின் பரப்பு குறைந்தது. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலையில் இவ்வகைகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டு வந்துள்ளது. நல்ல கதிரைத் தேர்ந்து, உலர்த்தி, அடுத்த பருவத்துக்கென வைத்து, உறவினர்க்கும் அண்டை அயலார்க்கும் கொடுத்து வாங்குவதில் பெண்களே முன்னிற்கின்றனர். 'இவ்விதை உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது?' என்று கேட்டுக்கொண்டே செல்வோமாயின், எந்தப் பட்டாவிலும் இல்லாத ஒரு கொடிவழி நமக்குக் கிடைக்கும். நிலத்தின் வரலாற்றைத் தந்தையர் பெயரால் அறிகிறோம். அந்நிலத்தில் விளைந்ததன் வரலாற்றைத் தாயர் வாய்மொழியால் அறிய வேண்டும்.

நீங்கள் செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே, இம்முறையை உங்கள் குடும்பத்திலேயே நீங்கள் தொடங்கலாம். தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். முதலில் பாட்டி, பாட்டனாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏட்டை எப்போதும் பார்க்கலாம். முதியவர் நினைவு காத்திராது. அடுத்து, வீட்டில் உள்ள பத்திரங்களைப் பெரியவர் அனுமதியுடன் படியுங்கள். பிறகு பட்டாவையும் புல எண்ணையும் ஒப்பிடுங்கள். வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழ் இருந்தால் அதனைத் தவறாது பாருங்கள். பட்டாவில் இல்லாத மனைவியும் மகளும் அதில் பெயரோடு இருப்பார்கள். ஒவ்வொரு செய்திக்கும் அது கிடைத்த இடத்தைக் குறியுங்கள். ஒரே சான்றை நம்பி உறவை முடிவு செய்யாதீர்கள். பெயர் ஒத்திருந்தமை மட்டும் போதாது என்பதை லிங்கன் குடும்ப ஆராய்ச்சி நமக்குக் கற்பித்தது.

கொடிவழி வரைந்து முடித்தபின், இறுதியாக ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். மணமாகிச் சென்ற அத்தை, இளமையில் கைம்பெண்ணாகித் தாய்வீடு திரும்பிய பெரிய பாட்டி, பங்கு கேளாமல் ஒதுங்கிய கடைசி மகன் ஆகியோரை அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் எழுதுங்கள். ஆவணம் அவர்களை விட்டதற்குக் காரணம் அக்காலத்து உரிமை முறை. அதை அறிந்தபின்னும் நாம் அவர்களை விடுவோமானால், அதற்குக் காரணம் நாமே ஆவோம்.

சிலர் நிலம் விட்டுச் செல்கின்றனர். சிலர் கடனை மட்டும் விட்டுச் செல்கின்றனர். பெயரை அறிந்துகொள்ளும் உரிமையோ எல்லா மக்களுக்கும் சமமாகக் கிடைக்கத்தக்க ஒன்று. அதற்குப் பாகப்பிரிவினை வேண்டியதில்லை, சாட்சியும் வேண்டியதில்லை. கேட்டு எழுதும் ஆர்வம் ஒன்றே போதும். அவ்வார்வம் உங்களுக்கு உண்டாகுமானால் இப்பேச்சு பயன் பெற்றதாகும்.